சாமி, சயின்ஸ், ஓட்டு: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பலர் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) மாறிவிட்டார்கள். திருவிழாக் கூட்டமும் தேர்தல் கூட்டமும் மட்டும் அப்படியேதான். அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒரு விஷயம் உண்மையா என்று எதை வைத்துச் சோதிப்பது, அது தப்பாகப் போனால் யார் தலையில் விடியும் என்ற இரண்டையும்தான் எல்லாப் பதில்களிலும் பார்த்திருக்கிறோம்.

தீ மிதிக்கிறவர்களுக்குக் கால் ஏன் வெந்துபோவதில்லை? அம்மன் காப்பாற்றுகிறாளா, இயற்பியலா?

நடப்பதை விளக்க இயற்பியலே போதும். தணலின் சூடு 500 பாகை செல்சியசைத் தாண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது வேறு, அந்தச் சூடு எவ்வளவு வேகமாகத் தோலுக்குள் இறங்குகிறது என்பது வேறு. அடுப்பிலிருக்கும் வாணலியின் இரும்புக் காதைத் தொட முடியாது, மரப்பிடியைப் பிடிக்கலாம். கரி அந்த மரப்பிடியின் சாதி: சூட்டை மிக மெதுவாகக் கடத்தும். மேலே படிந்த சாம்பல் அதையும் விட மெதுவாகக் கடத்தும். 4 மீட்டர் குழியை ஆறு காலடியில் கடந்துவிடலாம். ஒரு பாதத்துக்கு மூன்று மிதி, ஒரு மிதிக்கு அரை விநாடி. அதற்குள் இறங்கும் கொஞ்சச் சூட்டை ஈரப்பசையுள்ள சதையும் ஓடும் இரத்தமும் வாங்கிக்கொள்கின்றன.

இதை 1935இல் இங்கிலாந்தில் சோதித்தே பார்த்தார்கள். குடா பக்ஸ் என்ற காஷ்மீர்க்காரர் விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்தார். அதைத் தொடர்ந்த சோதனைகளில் விரதமோ மந்திரமோ இல்லாத ஆங்கிலேயர்களும் நடந்தார்கள். மிதி குறுகியது, கரி மோசமான கடத்தி, இரகசியம் அவ்வளவுதான் என்று முடிவு சொன்னார்கள்.

அப்படியானால் விரதம் எதற்கு?

பக்தர் சொல்லும் காரணம் அவருடையது, அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை. வெளியிலிருந்து பார்த்தாலும் விரதத்துக்குப் பலன் உண்டு. குடிக்காமல், தூக்கம் கெடாமல், மனம் அடங்கி இருப்பவர் நிதானமாக நடப்பார், ஓட மாட்டார். தீமிதியில் காயப்படுகிறவர்களில் பலர் ஓடியவர்கள். ஓடும்போது முன்பாதம் தணலுக்குள் புதைகிறது, விரல் இடுக்கில் கங்கு மாட்டிக்கொள்கிறது. விழுந்துவிட்டால் உள்ளங்கையும் முழங்காலும் நேராகத் தணலில்.

தீக்குழியைத் தயார் செய்வதில் எங்கே தப்பு நடக்கிறது?

முதலில் விறகு. மறுநடவுக் காலத்தில் பால்மரக் கட்டை தாராளமாகக் கிடைத்தது. இப்போது பல இடங்களில் தொழிற்சாலைகளின் பழைய பலகைகளையும் சரக்குப் பலகைகளையும் வாங்கிப் போடுகிறார்கள். அதில் ஆணி இருக்கும். கட்டை எரிந்து சாம்பலான பிறகும் ஆணி அப்படியே கிடக்கும், அது இரும்பு. கரிக்குச் சொன்ன கணக்கு இரும்புக்குப் பொருந்தாது, தொட்ட இடம் பொசுங்கிவிடும். சாயம் பூசிய பலகையும் வேண்டாம், புகை நஞ்சு. வேறு வழியில்லாமல் பலகைதான் என்றால், அடுக்குவதற்கு முன்பே ஆணிகளைப் பிடுங்குங்கள், தணலைப் பரப்பும்போது கம்பியில் கட்டிய காந்தத்தால் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். சுவாலை முழுக்க அடங்க வேண்டும். பாதி எரிந்த கட்டை வெளியே கறுப்பாகத் தெரிந்தாலும் உடைந்தால் உள்ளிருந்து தீ பாயும். மாலை ஆறு மணிக்கு இறங்க வேண்டுமென்றால் மதியமே மூட்டிவிடுங்கள். சிறப்பு விருந்தினர் வரும் நேரத்தைப் பார்த்துக் குழியை அவசரப்படுத்துவதும், அவர் தாமதமானால் மறுபடி விறகு போடுவதும்தான் இந்த விஷயத்தில் அரசியல் செய்யும் நேரடிக் கெடுதல்.

தணல் சமமாக, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கால் புதையும். உள்ளங்கால் தடித்த தோல், தாங்கும். கணுக்காலும் பாதத்தின் மேற்புறமும் மெல்லிய தோல், தாங்காது. இறங்குவதற்கு முன் காலை நனைத்துக்கொண்டு சேற்று மண்ணை மிதித்தால் கங்கு ஒட்டும். பால்குழி கடைசியில் இருக்கட்டும். நடுவில் ஆள் தேங்கக் கூடாது, முன்னால் போகிறவர் வெளியேறிய பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும்.

யாரை இறங்க விடக் கூடாது?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவரை. குடித்தவரை. நீரிழிவு முற்றிக் காலில் உணர்ச்சி குறைந்தவரை.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நரம்பு பாதிக்கப்பட்டவருக்குச் சுடுவதே தெரியாது. சுடவில்லை என்பதை அவர் அருள் என்று எடுத்துக்கொள்வார், மறுநாள் கொப்புளம் உடைந்து சீழ் பிடிக்கும், விரலை எடுக்கும் வரைக்கும் போகலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார்கள், சில நிமிட வேலை. காப்புக் கட்டும் நாளுக்கு முன்பே ஆலய நிர்வாகம் இதைக் கேட்டு வாங்கலாம்.

காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், மஞ்சள், பற்பசை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நீரிழிவுக்காரருக்குச் சின்னக் கொப்புளமே ஆனாலும் ஆஸ்பத்திரிதான்.

இப்படி எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னால் பக்தி குறைந்துவிடாதா?

கங்கு சுடாததுதான் பக்திக்கு ஆதாரம் என்று வைத்திருந்தால் குறையும். நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் மனநிறைவு என்றால், அதற்கும் வெப்பக் கடத்தலுக்கும் என்ன தகராறு?

அலகு குத்துவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு வேல் ஒருவருக்கு மட்டும். ஒருவருக்குக் குத்தியதைத் துடைத்து அடுத்தவருக்குக் குத்துவதில் கல்லீரல் அழற்சி பி, சி இரண்டும் பரவலாம். எலுமிச்சைச் சாறும் விபூதியும் கிருமியைக் கொல்லாது. அழுத்த நீராவியில் 121 பாகையில் 15 நிமிடம் வைத்த வேல்தான் கணக்கு. விபூதி காயத்துக்குள் போகாமல் சுற்றித் தடவினால் போதும், ஏனென்றால் தூசியிலும் சாம்பலிலும் ரண ஜன்னிக் கிருமியின் வித்து இருக்கலாம்.

அதற்கான தடுப்பூசி நம் நாட்டில் கடைசியாகப் பள்ளியில் 15 வயதில் போடுவது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஊசி என்ற கணக்கில் பார்த்தால் 25 வயதைத் தாண்டிய பெரும்பாலோர் பாக்கி வைத்திருக்கிறார்கள். நாக்கில் அலகு போடுகிறவர் வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்தால் இரத்தம் நிற்காது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். விரதம் இருந்துகொண்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுகிறவர் காவடியோடு மயங்கி விழுவார். பார்ப்பவர்கள் சாமி வந்துவிட்டது என்பார்கள்.

சாமி வந்திருக்கிறதா, வலிப்பா? எப்படித் தெரியும்?

சாமியாடுகிறவர் பெரும்பாலும் மேளத்துக்கு ஏற்ப அசைவார், கூட்டத்தில் இடிக்காமல் ஒதுங்குவார், கேட்டால் பதில் சொல்வார், மேளம் நின்றால் மெல்ல அடங்குவார். வலிப்பு வந்தவர் விறைத்து விழுவார், கைகால் ஒரே சீராக வெட்டும், உதடு நீலமாகும், நாக்கு கடிபடும், சிறுநீர் போகலாம், தெளிந்த பிறகும் குழம்பிப்போய் இருப்பார்.

வலிப்பென்றால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், அது மூச்சை அடைக்கும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் நன்மையுமில்லை, கெடுதலுமில்லை, ஐந்து நிமிடம் வீணாகும். வலிப்பு அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999ஐ அழையுங்கள்.

திருவிழா முடிந்து வாரக்கணக்கில் தூங்காமல், யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்று சொல்கிறவர் விஷயம் வேறு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). பூசையும் செய்யலாம், மாத்திரையும் போடலாம், ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தத் தேவையில்லை.

ராகு காலம் பார்க்கலாமா?

பார்க்கிறவர்கள் முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணை, அதாவது திங்கள் 7.30 முதல் 9, வெள்ளி 10.30 முதல் 12 என்பதெல்லாம், சூரியன் காலை 6க்கு உதித்து மாலை 6க்கு மறையும் என்று வைத்துப் போட்டது. பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, வெள்ளிக்கு நான்காம் பங்கு என்பதுதான் மூல விதி.

பேராக்கில் சூரியன் ஆண்டு முழுக்கக் காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் உதிக்கிறது. 7.15 என்று வைத்தால் திங்கள் ராகு காலம் 8.45 முதல் 10.15 வரை. வெள்ளி 11.45 முதல் 1.15 வரை. நாள்காட்டியைப் பார்த்து 12.05க்குக் கிரகப்பிரவேசம் செய்கிறவர், சாஸ்திரப்படி ராகு காலத்துக்குள்ளேயே பால் காய்ச்சுகிறார். இதற்கு அரசாங்கத்தின் பங்கும் உண்டு: 1982 சனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பும் அட்டவணை பொருந்தவில்லை, முக்கால் மணி வித்தியாசம். இப்போது ஒன்றேகால் மணி.

இத்தனை ஆண்டுகள் இத்தனை பேர் தப்பான நேரத்தில் தொடங்கியும் வீடுகள் நின்றிருக்கின்றன, கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. ராகு என்பது நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இடம். கிரகணம் கணிக்க அது அவசியம், வியாபாரம் தொடங்க அல்ல. இதுதான் எங்கள் முடிவு. மனம் கேட்கவில்லை என்கிற பாட்டியோடு சண்டை போட வேண்டாம், உதயத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக் கொடுங்கள்.

ஒரே விசேஷம் இரண்டு கோயிலில் இரண்டு நாளில் வருவது ஏன்?

இரண்டு காரணம். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாய்பாட்டில் நிலவின் இடத்தைச் சொல்கிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை எடுத்துக்கொள்கிறது. திதி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேரம் வேறுபாடு வரலாம். நிலவு உண்மையில் எங்கே இருக்கிறது என்றால் திருக்கணிதம்தான் சரி. இந்திய அரசு 1952இல் இயற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் வானியல் கணக்கையே முன்வைத்தது.

இன்னொன்று ஊர். சென்னைப் பஞ்சாங்கத்தில் திதி காலை 5.30 வரை என்று போட்டிருந்தால் அது நமக்கு 8 மணி, இரண்டரை மணி கூட்ட வேண்டும். சென்னையில் சூரியன் உதிக்கும்போது அந்தத் திதி முடிந்துபோயிருக்கும், இங்கே உதிக்கும்போது இன்னும் இருக்கும். உதயத் திதியை வைத்துக் கொண்டாடும் விசேஷம் இங்கே ஒரு நாள் தள்ளிப் போவது சாஸ்திரப்படியே நியாயம்.

சாமி இல்லை என்கிறவர் ருக்குன் நெகாராவுக்கு விரோதியா?

1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை. அது நாட்டுக் கோட்பாடு, குற்றவியல் சட்டம் அல்ல. இந்து வீட்டில் பிறந்து கோயிலுக்குப் போகாமல் இருப்பது குற்றமில்லை. ஐசியின் (அடையாள அட்டையின்) முகப்பில் இஸ்லாம் மட்டுமே அச்சிடப்படுகிறது, மற்றவர் மதம் அச்சிடப்படுவதில்லை. ஆனால் அரசியலமைப்பின் 11ஆம் விதி மதச் சுதந்திரத்தைக் கொடுக்கும்போதே, முஸ்லிம்களிடையே பிற கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. நாத்திகம் பேசுகிறவரும் இந்த எல்லையைத் தெரிந்து பேச வேண்டும்.

"நூறு வருஷக் கோயில், யாராலும் அசைக்க முடியாது" என்கிறார்களே?

அசைக்க முடியும். இந்த நம்பிக்கைதான் பல தோட்டத்துக் கோயில்களைக் கவிழ்த்திருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தில் 48ஆம் பிரிவு அரசு நிலத்துக்கும் 341ஆம் பிரிவு தனியார் நிலத்துக்கும் ஒன்றையே சொல்கின்றன: எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் இருந்ததால் உரிமை வராது. துரைமார் காலத்தில் கம்பெனி வாய்மொழியாக விட்ட இடம், கம்பெனி நிலத்தை விற்றதும் புதிய முதலாளியின் இடம். விற்பனை ஒப்பந்தத்தில் கோயிலைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால் அவர் கேட்பது நியாயமாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது, வரிசையாக: மாவட்ட நில அலுவலகத்தில் லோட் எண்ணை (நிலத் துண்டின் எண்ணை) கொடுத்துத் தேடல் எடுங்கள், நிலம் யார் பெயரில், எந்த வகை, அடமானம் உண்டா என்று தெரியும். தோட்டத்து நிலமென்றால், விற்பதற்கு முன்பே கோயில் இடத்தைத் தனி லோட்டாகப் பிரித்துக் கொடுக்கச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அரசு நிலமென்றால் ஆலயத்தின் பெயரில் விண்ணப்பம் போடுங்கள், அல்லது பொதுத் தேவைக்கான ஒதுக்கீடாக அரசிதழில் வரக் கேளுங்கள். இதற்கெல்லாம் ஆலயம் பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர், ஆண்டுக் கூட்டம், அது முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை. தலைவர் பதவிக்குச் சண்டை வந்து இரண்டு குழுக்கள் இரண்டு அறிக்கை அனுப்பும்போது பதிவு முடங்கும், நில விண்ணப்பமும் அதோடு படுத்துவிடும்.

தேர்தல் மேடையில் கோயிலுக்கு நிலம் தருவதாகச் சொன்னால் நம்பலாமா?

யார் சொல்கிறார் என்று பாருங்கள். நிலம் மாநில அரசின் அதிகாரம். நாடாளுமன்ற உறுப்பினர் சிபாரிசு செய்யலாம், மானியம் வாங்கித் தரலாம், நிலம் தர முடியாது. மாநில ஆட்சிக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

ஒப்புதல் வந்ததும் கடிதத்தை மேடையில் தூக்கிக் காட்டிப் படம் எடுப்பார்கள். கதை அதோடு முடிவதில்லை. அடுத்து நில அலுவலகத்திலிருந்து பாரம் 5ஏ வரும். கட்ட வேண்டிய பிரிமியம், முதலாண்டு நிலவரி, அளவைக் கட்டணம், கெடு தேதி எல்லாம் அதில் இருக்கும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் ஒப்புதல் காலாவதி, மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாரம் பழைய செயலாளரின் வீட்டு முகவரிக்குப் போய் அலமாரியில் கிடந்து காலாவதியாவது சர்வசாதாரணம். ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டியது: லோட் எண் என்ன? ஆட்சிக்குழு ஒப்புதல் தேதி என்ன? பாரம் 5ஏ வந்துவிட்டதா? பிரிமியத்தைக் குறைக்க மனுச் செய்தாயிற்றா? இவற்றுக்குப் பதில் இருந்தால் எந்தக் கட்சியானாலும் அவர் வேலை செய்திருக்கிறார்.

அரிசி மூட்டை கொடுத்து, கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினால்?

1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவில் ஓட்டுக்காகக் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். விருந்து வைத்து ஓட்டுக் கேட்பதற்குத் தனியாக 8ஆம் பிரிவு. பலருக்குத் தெரியாதது 9ஆம் பிரிவு: உடலுக்கோ பொருளுக்கோ மட்டுமல்ல, ஆன்மிகரீதியாகக் கேடு வரும் என்று மிரட்டி ஓட்டைத் திருப்புவதும் அதில் குற்றம். "சத்தியத்தை மீறினால் முனியாண்டி கேட்பார்" என்கிற ஏஜெண்டு அந்தப் பிரிவுக்குள் வருகிறார்.

சத்தியத்துக்குப் பயப்படுகிறவருக்கு ஒரு வார்த்தை. சட்டவிரோதமான பேரத்துக்குச் சாமியைச் சாட்சி இழுத்தவர்தான் சாமிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எந்தப் பூசாரியைக் கேட்டாலும் மறுக்க மாட்டார்.

ஓட்டுச்சீட்டில் நம்பர் இருக்கிறதே. யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்களா?

தொடர் எண் கள்ளச்சீட்டு நுழையாமல் இருக்க. உள்ளே மூன்று கிராணிகள்: முதலாமவர் ஐசியைப் பார்த்துப் பெயரை உரக்க வாசித்துப் பட்டியலில் கோடு போடுவார், இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார், மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். சீட்டு எண்ணையும் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதும் வேலை இவர்களில் யாருக்கும் இல்லை. எண்ணி முடிந்த சீட்டுகள் முத்திரையிடப்படும், நீதிமன்ற உத்தரவில்லாமல் திறக்க முடியாது.

ஆனாலும் ஏஜெண்டுகள் "எங்களுக்குத் தெரியும்" என்று மிரட்டுவது எதை வைத்து? முடிவு சாலுரான் (ஒரு வாக்களிப்பு மையத்துக்குள் பிரிக்கப்படும் வரிசை) வாரியாக, பாரம் 14இல் எழுதப்படுகிறது. சாலுரான் வயதுப்படி பிரிக்கப்படுகிறது, முதல் சாலுரானில் மூத்தவர்கள். ஆகவே ஒரு பள்ளிக்கூடத்தில் வயதானவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள், இளைஞர்கள் எந்தப் பக்கம் என்று கட்சிக்குத் தெரியும். தோட்டம் சின்னதாக இருந்தால் அந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக இருக்கும். உங்கள் ஒரு ஓட்டு யாருக்கு என்பது மட்டும் தெரியாது.

கட்டத்துக்குள் ஒரே ஒரு பெருக்கல் குறி. பெயரோ கையெழுத்தோ ஐசி எண்ணோ எழுதினால் செல்லாது. கைப்பேசியில் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறவர்கள் உண்டு. கைப்பேசியைச் சாவடிக்குள் பயன்படுத்தக் கூடாது என்பதே அவர்களிடம் சொல்லப் போதுமான பதில்.

நான் தாமானுக்கு வந்து பத்து வருஷம், பெயர் பழைய தோட்டத்திலேயே இருக்கிறது.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்கிறார்கள். அதற்காக நீங்கள் வீடு மாறினால் பெயரும் தானாக மாறும் என்று எண்ண வேண்டாம். முதலில் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவுத் துறையில்) ஐசி முகவரியை மாற்றுங்கள், பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், இணையத்திலேயே செய்யலாம். துணைப் பட்டியலில் பெயர் வந்து, ஆட்சேபக் காலம் முடிந்து, அரசிதழில் வந்த பிறகுதான் செல்லும். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு ஆகாது.

கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

இந்தக் கேள்விக்கு நம் தொகுதியே பாடம். 1974 முதல் மஇகாவின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ச. சாமிவேலு வைத்திருந்த சுங்கை சிப்புட்டை, 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் (இந்தியர் உரிமை இயக்கம்) பேரணி முடிந்து நான்கு மாதம் ஆவதற்குள், 2008 மார்ச் 8இல் டாக்டர் மைக்கல் ஜெயகுமார் 1,821 ஓட்டில் வென்றார். அவர் மலேசிய சோசலிசக் கட்சிக்காரர், நின்றது கெஅடிலான் கட்சியின் சின்னத்தில். 2013இல் மறுபடி வென்றார். 2018இல் தம் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றபோது தோற்றார். அதே ஆள், அதே சேவை மையம், சின்னம் மட்டும் வேறு. ஆளைப் பார்த்துத்தான் போடுவோம் என்று ஊரில் சொல்வதையும் பெட்டியில் விழுந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சின்னத்தைப் பார்ப்பது முட்டாள்தனமில்லை. அரசாங்கம் அமைப்பது கட்சிகள்தான். ஆளைப் பார்ப்பதென்றால் அவர் நாளை எந்தப் பக்கம் உட்காருவார் என்றும் பாருங்கள். 2022 அக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினரும், கட்சியில் சேரும் சுயேச்சையும் இடத்தை இழப்பார்கள். கட்சியே நீக்கினால் இழக்க மாட்டார், கட்சி மொத்தமாக அணி மாறினாலும் இழக்க மாட்டார். சட்டத்தில் உள்ள பொத்தல் அங்கேதான்.

சுயேச்சைக்கு நாடாளுமன்ற வைப்புத்தொகை 10,000 வெள்ளி, பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் போய்விடும். அவருக்குப் போடுவது வீணா என்றால், பல முனைப் போட்டியில் 38 விழுக்காடு வாங்கியவர்கூட வெல்லலாம் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு போட்டால் வீணில்லை.

பெரியவர்கள் ஏன் "நமக்கு அரசியல் வேண்டாம்" என்கிறார்கள்?

காரணமில்லாத பயமில்லை. 1948 ஜூன் 16இல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. சங்கம் வைத்தவர், கூட்டம் போட்டவர் என்று பலர் பிடிபட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் உயிருக்கு உத்தரவாதம் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

ஆனால் தோட்டத்துத் தமிழன் தலைவர் சொன்னதை மட்டும் கேட்பான் என்பது பொய். அதற்கு முன்பே, 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம், கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1929இல் பெரியார் மலாயா வந்தபோது சாதியும் மூடநம்பிக்கையும் தோட்டங்களில் விவாதமாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி நிலம் வாங்கினார்கள். இவர்களில் சாமி கும்பிட்டவரும் உண்டு, கும்பிடாதவரும் உண்டு.

வாட்ஸ்அப்பில் வருவதை எப்படிச் சலிப்பது?

கோயில் இடிக்கும் காணொளி வந்தால் ஊர், தேதி, லோட் எண் இருக்கிறதா பாருங்கள். பழைய படத்தைத் தேர்தலுக்கு முன் சுற்றவிடுவது வாடிக்கை. பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கும் அரசாங்கத்தின் செபெனார்ஞா தளம் பார்க்கலாம், ஆனால் அரசாங்கத்தைப் பற்றிய செய்திக்கு அரசாங்கத்தை மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்றும் தேடுங்கள்.

மருத்துவச் செய்தியில் கேள்வி கொஞ்சம் மாறும். பப்பாளி இலைச்சாறு டெங்கியைக் குணமாக்கும் என்று வருவதை எடுத்துக்கொள்வோம். சாறு தட்டணுக்களைக் கொஞ்சம் வேகமாக ஏற்றுகிறது என்று சில ஆய்வுகள், மலேசியாவில் நடந்தது உட்பட, சொல்கின்றன. செய்தியில் அதுவரை உண்மை. ஆனால் டெங்கியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணுக் குறைவல்ல, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுவது. அதைச் சாறு நிறுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தக் கசிவு வருவது காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கி வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும், ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு, இதில் ஒன்று வந்தாலும் சாறு பிழிந்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.